அடுப்பு மூட்டாத மேகம்

அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகும் பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் முதலில் ஊரைக் கேட்பார்கள். அப்புறம் எத்தனை பிள்ளைகள் என்பார்கள். அப்புறம்தான் என்ன வேலை. காலேஜில் பிசிக்ஸ் எடுக்கிறேன் என்றால் அதோடு விட்டுவிடுவார்கள். ஒருமுறை வாய் சும்மா இல்லாமல் ஆராய்ச்சியும் பண்ணுகிறேன் என்று சொல்லிவிட்டேன். மடியில் சின்ன வெங்காய மூட்டையை வைத்திருந்த ஒரு அம்மா, "எதப் பத்தி?" என்றார். "கருந்துளைங்க. வானத்துல இருக்கு. வெளிச்சத்தையே முழுங்கிடும்." அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அத ஆராய்ஞ்சு என்னம்மா பண்ணப் போற? அது பாட்டுக்கு இருந்துட்டுப் போவுது." எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்பது எங்கள் தெருவுக்கே தெரியும். அன்றைக்கு அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அது பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகட்டும் என்று விடக்கூடிய சமாச்சாரமா அது? ஒவ்வொரு பெரிய விண்மீன் மண்டலத்தின் நடுவிலும் ஒரு ராட்சசக் கருந்துளை உட்கார்ந்திருக்கிறது. சூரியனைப் போல லட்சக்கணக்கான மடங்கு எடை, சிலது கோடிக்கணக்கான மடங்கு. அது இருக்கட்டும், பெரிய பிரபஞ்சத்தில் பெரியது இருக்கத்தான் செய்யும். தூக்கத்தைக் கெடுக்கிற சங்கதி வேறு. பிரபஞ்சம் பிறந்து அதற்கு ஒரு நூறு கோடி வயதுகூட ஆகாத காலத்திலேயே இவை இவ்வளவு பெரிதாக இருந்திருக்கின்றன. அவ்வளவு பழைய வெளிச்சத்தைத் தொலைநோக்கிகள் பிடித்துக் காட்டிவிட்டன. தொட்டிலில் கிடக்கிற பிள்ளைக்கு மீசை முளைத்திருந்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருக்கிறது. எப்போது பிறந்தது, எதைத் தின்று இப்படி வளர்ந்தது என்று இன்னும் ஒருவருக்கும் முடிவாகத் தெரியாது. இதை முதன்முதலில் படித்தபோது எனக்குக் கை கால் ஓடவில்லை. கல்யாணமாகி அரியலூர் வந்த புதிது. அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூடக் கவனிக்காமல் நின்றிருக்கிறேன்.

பிரபஞ்சத்தைத் திரும்பப் பிறக்க வைத்துப் பார்க்க முடியாது. அதனால் எங்களைப் போன்றவர்கள் கம்ப்யூட்டருக்குள் ஒரு சின்னப் பிரபஞ்சத்தைப் பிறக்க வைக்கிறோம். பெட்டி போல வெட்டி எடுத்த ஒரு பிரம்மாண்ட இடம். அதில் ஏறக்குறைய சமமாகப் பரவிய வாயு, கண்ணுக்குத் தெரியாத இருட்டுப் பொருள், அங்கங்கே துளித்துளி ஏற்றத்தாழ்வு. ஈர்ப்பு விதியைச் சொல்லி ஓட விட்டால் ஏற்றம் இருக்கிற இடம் இன்னும் சேரும், பள்ளம் இன்னும் காலியாகும். திரளும், உருளும், நட்சத்திரம் எரியும், மண்டலம் எழும். ஒரு ஓட்டம் முடிய வாரக்கணக்கில் ஆகும். அந்தப் பெரிய கம்ப்யூட்டர் வெகு தூரத்தில் வேறு மாநிலத்தில் இருக்கிறது. நான் இங்கே அரியலூரில், எங்கள் வீட்டு முன்னறையில் லேப்டாப் வழியாக அதை ஓட்டுவேன். மத்தியானம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வெடி வைப்பார்கள். ஜன்னல் ஒருமுறை அதிரும். லேப்டாப் மேல் படிந்த வெள்ளைத் தூசியை முந்தானையால் துடைத்துவிட்டு வேலையைத் தொடருவேன்.

இதில் எல்லோரும் பண்ணுகிற ஒரு காரியம் உண்டு. கருந்துளை பிறக்கிற இடம் ரொம்பச் சின்னது, பெட்டியோ ரொம்பப் பெரியது. பெட்டி முழுக்க அந்த நுணுக்கம் வரைக்கும் கணக்குப் போட எந்த இயந்திரத்துக்கும் தெம்பு இல்லை. அதனால் ஒரு திரள் இன்ன எடையைத் தாண்டிவிட்டால் அதன் நடுவில் ஒரு கருந்துளையைக் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். விதை என்று அதற்குப் பேர். அதற்கப்புறம் அது எப்படித் தின்கிறது, எப்படி வளர்கிறது, தான் இருக்கும் மண்டலத்தை என்ன பாடு படுத்துகிறது என்றெல்லாம் பார்ப்பார்கள். அதில் தப்பில்லை, அவரவர் கேள்வி அவரவர்க்கு. ஆனால் என் கேள்வி எப்படிப் பிறந்தது என்பது. பிறப்பைத் தெரிந்துகொள்ள வந்துவிட்டு, பிள்ளையை நானே கொண்டுபோய்த் தொட்டிலில் போட்டுவிட்டு, அடடே பிறந்துவிட்டதே என்று கும்மியடிக்க முடியுமா?

இதைத்தான் என் பிஎச்.டி. கைடிடம் சொன்னேன். அவர் நல்ல மனிதர், வயதானவர், தேவைக்கு மேல் ஒரு வார்த்தை வாயிலிருந்து வராது. பதிவுக்காலம் முடிந்து நீட்டிப்பும் வாங்கியாயிற்று. எங்களுக்கு ஒதுக்கிய கம்ப்யூட்டர் நேரத்தில் கடைசிப் பங்குதான் மிச்சம்.

"எல்லாரும் வைக்கிறாங்கம்மா. நீங்களும் வெச்சு முடிச்சிடுங்க" என்றார்.

"வெச்சுத்தான் பட்டம் வாங்கணும்னா எனக்கு அந்தப் பட்டமே வேணாம் சார்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. அவர் கோபப்படவில்லை. "சரி. இந்த ஒரு ஓட்டம் உங்க வழியில ஓட்டுங்க. ஒண்ணு கூட பொறக்கலேன்னா நீங்களே முடிவு பண்ணிக்குங்க" என்றார். அவ்வளவுதான். ஒன்றாவது பிறக்க வேண்டும். இல்லையென்றால் இத்தனை வருஷம் பஸ்ஸிலும் அடுப்படியிலும் மனசுக்குள் சுமந்ததை இறக்கி வைத்துவிட்டு, பாடம் மட்டும் எடுத்துக்கொண்டு வீடு வந்து சேர வேண்டியதுதான். என் வாயே எனக்கு எமன்.

சிமென்ட் ஆலையில் கன்ட்ரோல் ரூமில் வேலை பார்க்கிற என் வீட்டுக்காரர் கேட்டுவிட்டுச் சிரித்தார். "ஏன், சார்கிட்ட பேசுறப்பவாச்சும் கொஞ்சம் பிரேக்கு போடக் கூடாதா?" பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஓட்டு, பாப்போம்" என்றார்.

என் வழி இதுதான். முதன்முதல் காலத்து வாயுவில் ஹைட்ரஜனும் ஹீலியமும்தான், வேறு எதையும் சொல்கிற அளவுக்குக் கிடையாது. இரும்பு இல்லை, உப்பு இல்லை. எங்கள் ஊரையே வெட்டி வெட்டி எடுக்கிறார்களே, அந்தச் சுண்ணாம்பும் இல்லை. உலகத்தில் சுண்ணாம்பு என்ற ஒன்று உண்டாவதற்கே முதலில் நட்சத்திரங்கள் எரிந்து சாக வேண்டும். அப்படிப்பட்ட சுத்தமான மேகம் குளிர்ந்தால் துண்டு துண்டாக உடையும். ஒவ்வொரு துண்டும் ஒரு நட்சத்திரமாகும். குளிரவே விடாமல் யாராவது அதைச் சூடாக வைத்திருந்தால்? உடையாமல் முழுசாகவே கிடக்கும். சேர்ந்துகொண்டே போய் ஒருநாள் தன் பாரம் தாங்காமல் மொத்தமாகத் தனக்குள் விழும். நட்சத்திரமாக நின்று எரியவே அவகாசமில்லாமல், லட்சம் சூரிய எடையுள்ள கருந்துளையாக நேரே விழும். அதைக் குளிர விடாமல் வைத்திருக்கக்கூடியது பக்கத்தில் எரிகிற இன்னொரு திரளின் கடுமையான ஒளி மட்டும்தான்.

ஆக, கம்ப்யூட்டர் ஒவ்வொரு திரளிடமும் மூன்று கேள்வி கேட்க வேண்டும். உனக்குப் போதுமான எடை இருக்கிறதா? உனக்குள் இதுவரை நட்சத்திரம் எரியாமல் இருக்கிறதா? பக்கத்து ஒளி உன்மேல் பலமாக விழுகிறதா? மூன்றுக்கும் ஆமாம் என்று பதில் வந்தால் அங்கே நடப்பதைத் தனியாக, மிக நுணுக்கமாகக் கணக்குப் போடும். விழுந்தால் விழட்டும், உடைந்தால் உடையட்டும். இந்த மூன்று கேள்விக் கதவை நான் கட்டினேன் என்பது உண்மைதான். யார் வருவார்கள், எப்போது வருவார்கள் என்று நான் சொல்லவில்லை.

மார்கழியில் ஓட்டம் ஆரம்பித்தது. காலையில் காலேஜுக்குக் கிளம்புமுன் படத்தைத் திறந்து பார்ப்பேன். வாயு இழை இழையாகப் பிரிந்து, இழைகள் கூடும் இடத்தில் முடிச்சு விழுந்து கொண்டிருக்கும். பஸ்ஸில் போகும்போது மக்காச்சோளக் காட்டு ஓரத்தில் பனி கோத்த சிலந்தி வலைகளைப் பார்த்தால், ஆத்தாடி, அச்சு அசல் அதேதான். நான் சொன்னதெல்லாம் ஈர்ப்பு விதியும் கொஞ்சம் வாயுவின் குணமும் மட்டும். வலை பின்னு என்று நான் சொல்லவே இல்லை. அது பின்னிக்கொண்டே போகிறது. முதல் நட்சத்திரங்கள் எரிந்த அன்றைக்கு இருட்டுப் படத்தில் ஒரு முடிச்சில் மட்டும் பொட்டு வைத்தது போல வெளிச்சம் வந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. குடத்தில் இருக்கிற தண்ணீரின் ஹைட்ரஜன் எல்லாம் அந்தக் காலத்துக்கும் முன்னால் உண்டானது. அதைத்தான் நாம் மொண்டு குடித்துக்கொண்டிருக்கிறோம். அன்றைக்குத் தண்ணீர் குடிக்கவே ஒரு மாதிரி பயபக்தியாக இருந்தது.

ஆனால் பிறப்பு எண்ணிக்கை பூஜ்யத்திலேயே நின்றது. நட்சத்திரங்கள் பெருகின, திரள்கள் பெருத்தன, எண்ணிக்கை மட்டும் அசையவில்லை. கருந்துளை பிறக்கத் தோதான காலம் முழுதும் கடந்துபோயிற்று. பிரபஞ்சம் அதற்கப்புறம் அழுக்காகிவிடும். செத்த நட்சத்திரங்களின் தூசி எல்லா மேகத்திலும் கலந்துவிடும். அதற்குமேல் ஓட்டுவது விழலுக்கு இறைத்த நீர் என்று நிறுத்திவிட்டேன். மிச்சமிருக்கிற துளி நேரமாவது சாருக்குப் பயன்படட்டும் என்று நினைத்தேன். என் வீட்டுக்காரரிடம், "ஒண்ணுமே பொறக்கலைங்க" என்று சொன்னேன். அவர் எனக்கு டீ போட்டுக் கொடுத்தார். சமாதானப்படுத்தினால் நான் கடிப்பேன் என்று அவருக்குத் தெரியும்.

பொங்கலுக்கு முந்தின நாள். பதிவை ரத்து செய்யச் சொல்லி சாருக்கு என்ன எழுதுவது என்று லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றி எறிகிற சத்தம். என் ஓரகத்தி, வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. பக்கத்து வீட்டில்தான் இருக்கிறார்கள், நடுவில் ஒரு சுவர். மாமனார் பேரில் இருக்கிற ஒரே ரேஷன் கார்டில்தான் இரண்டு குடும்பமும் இன்னும் இருக்கிறது. அக்கா ஒரு கையில் ரேஷன் கடைப் பொங்கல் பரிசான ஒற்றைக் கரும்பு, மறு கையில் ஒரு பை அரிசியோடு மூச்சு வாங்க நின்றார்.

"பாத்தியா புள்ள இந்த அநியாயத்த! ஒரே கார்டாம். அதனால ஒரு பங்குதான் குடுப்பானாம். உங்க வூட்டுல அடுப்பு எரிஞ்சா எங்க வூட்டுலயும் சோறு வெந்துருமா?"

"அக்கா, நான் வேலையா இருக்கேன்."

"நீ எப்பத்தான் வேலையா இல்ல? பக்கத்துல பக்கத்துல வூடு கட்டுனது ஒரு குத்தமா? சோறு வேற, கொழம்பு வேற. எத்தன தடவ எழுதிக் குடுத்தாச்சு. தனிக் கார்டு வேணும்னா தனி அடுப்பு இருக்கான்னு வந்து பாக்கணும்ல, அதான சட்டம்? ஒருத்தன் வரல! கார்டப் பாக்குறானுவளே ஒழிய அடுப்ப எவன் பாக்குறான்?"

லேப்டாப்பிலிருந்து திரும்பினேன். "அக்கா, கடைசியா சொன்னத இன்னொரு தடவ சொல்லுங்க."

"ஏன், ரேஷன் கடைக்காரன்கிட்ட போட்டுக் குடுக்கவா?"

என் புரோகிராமின் ஒரு பகுதியைத் திறந்தேன். இந்தத் தொழிலில் திரள்களைப் பிரிப்பதற்கு ஒரு முறை உண்டு. இரண்டு துகள்கள் இவ்வளவு நெருக்கத்தில் இருந்தால் இரண்டும் சிநேகம். சிநேகிதனுக்குச் சிநேகிதனும் சிநேகிதன். அப்படியே கைகோத்துக் கொண்டுபோனால் முழுச் சங்கிலியும் ஒரே குடும்பம். எல்லோரும் பண்ணுவது, நானும் யோசிக்காமல் அதையே எடுத்துப் போட்டிருந்தேன். குடும்பம் குடும்பமாகத்தான் என் மூன்று கேள்வியும் கேட்கப்பட்டன. உனக்குள் நட்சத்திரம் எரிந்திருக்கிறதா?

இப்போது பாருங்கள். நான் தேடுகிற மேகம் எங்கே இருக்க வேண்டும்? எரிகிற பெரிய திரளுக்குப் பக்கத்தில். அதன் ஒளி பலமாக விழுகிற நெருக்கத்தில். அவ்வளவு நெருக்கத்தில் இருந்தால் நடுவில் இருக்கிற மெல்லிய வாயு இழை வழியாகச் சிநேகம் பிடித்து இரண்டும் ஒரே கார்டில் ஏறிவிடும். பெரிய வீட்டில் அடுப்பு எரிகிறது. ஆகவே பக்கத்தில் அடுப்பே மூட்டாமல் கிடக்கிற சின்ன மேகத்துக்கும் எரிகிறது என்று கணக்கு. தள்ளு அதை. கருந்துளை எங்கெல்லாம் பிறக்க வாய்ப்பு உண்டோ, சரியாக அங்கேயெல்லாம் பார்த்துக் கதவைச் சாத்தியிருக்கிறேன்! மெத்தப் படித்த மூஞ்சூறு கழுநீர்ப் பானையில் விழுந்ததாம் என்பார்கள். நான் விழுந்தது மட்டுமில்லை, உள்ளேயே குடித்தனமும் நடத்தியிருக்கிறேன்.

தலையில் அடித்துக்கொண்டு சிரித்தேன். அக்கா பயந்துபோய், "ஏ புள்ள, என்னாச்சு, கரும்ப வேணா நீயே வெச்சுக்க" என்றார்.

சாருக்கு போன் பண்ணினேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு மிச்சமிருக்கிற நேரத்தைக் கணக்குப் பார்த்தார். ஆரம்பத்திலிருந்து ஓட்ட நேரம் கிடையாது. முதல் நட்சத்திரங்கள் எரிந்த கொஞ்ச காலத்தில் முழுப் பிரபஞ்சத்தையும் ஒருமுறை சேமித்து வைத்திருந்தோம். அங்கிருந்து கொஞ்ச தூரம்தான் போகும். "இதுக்கு மேல கிடையாதும்மா" என்றார். குடும்பத்தைக் கேட்காமல் உள்ளே இருக்கிற ஒவ்வொரு மேகத்தையும் தனித்தனியாகக் கேட்கும்படி மாற்றினேன். மாற்றியது சில வரிகள்தான். ஒவ்வொரு வரியையும் திரும்பத் திரும்பச் சரிபார்த்ததில் அதை எழுத ஒரு பகல் ஆயிற்று.

மாட்டுப் பொங்கல் அன்று தெருவில் மாடுகளுக்குக் கொம்பில் வண்ணம் பூசிக்கொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரருக்கு அன்று லீவு. அக்கா கோபமெல்லாம் ஆறி வடை கொண்டுவந்திருந்தார். நான் முன்னறையில் ஓட்டம் எழுதிக்கொண்டே போகும் வரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேகங்கள் ஒவ்வொன்றாகக் கேட்கப்பட்டன. எடை இல்லை. எடை இல்லை. நட்சத்திரம் உண்டு. ஒளி போதாது. நட்சத்திரம் உண்டு. வடை ஆறிப்போயிற்று. பிறகு ஒரு மேகம் மூன்று கேள்வியையும் தாண்டியது. மேஜையைத் தட்டினேன், இரண்டு பேரும் ஓடி வந்தார்கள்.

படத்தைத் திறந்து காட்டினேன். பெரிய திரள் பொன்னிறமாக எரிந்துகொண்டிருந்தது. அதன் பக்கத்தில் கரிய மேகம் ஒன்று, ஒரு பொட்டு வெளிச்சம் இல்லாமல். நாங்கள் பார்க்கப் பார்க்க, ஒவ்வொரு படத்திலும் அது கொஞ்சம் சுருங்கியது. உடையவில்லை. சுழன்றுகொண்டே உள்ளே போயிற்று. எப்போது வேண்டுமானாலும் உடைந்து நட்சத்திரமாகச் சிதறிவிடலாம், அப்படிச் சிதறினால் என் கதை முடிந்தது. என் வீட்டுக்காரர் என் தோளைப் பிடித்திருந்த கை இறுகியது. அடுத்த படத்தில் நடுவில் ஒன்றும் இல்லை. வாயு இல்லை, ஒளி இல்லை. லட்சம் சூரியன்களின் எடை மட்டும் இருந்தது. எண்ணிக்கையில் பூஜ்யம் போய் ஒன்று வந்திருந்தது.

"இதுவா?" என்றார் அக்கா, கன்னத்தில் கை வைத்துக்கொண்டு. "சுத்தி அவ்வளவு எரியுது. இது மட்டும் சத்தமில்லாம உள்ள போயிடுச்சே."

"இதுதாங்க்கா."

"யாரு பண்ணுனது?"

"யாரும் பண்ணல."

அக்கா கன்னத்திலிருந்து கையை எடுத்துக் கும்பிட்டுவிட்டார். நான் அழுதுகொண்டிருந்தேன் என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. இதே மாதிரி ஒன்று நிஜமாகவே எங்கோ நடந்திருக்கலாம். பார்க்க ஒரு கண் இல்லாத காலம், கும்பிட ஒரு கை இல்லாத காலம். மிச்சமிருந்த ஓட்டத்தில் அந்தக் கருந்துளை மெல்ல நகர்ந்து பக்கத்துப் பெரிய திரளுக்குள் விழுந்தது. விழுந்து அதன் நடு மையத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. பெரிய வீட்டின் நடுவில் இருப்பது பெரிய வீட்டில் பிறந்ததே இல்லை. அதற்குள் எங்கள் நேரம் தீர்ந்து ஓட்டம் நின்றது.

சாருக்கு போன் போட்டேன். "சார், ஒண்ணு பொறந்துருக்கு."

"பழைய விதி எங்கயாச்சும் ஆன்ல இருக்கா பாருங்க. தானா விதை வைக்கிற அந்த விதி" என்றார்.

போனைக் காதில் வைத்துக்கொண்டே பார்த்தேன். "ஆஃப்லதான் இருக்கு சார்."

"நீங்க வைக்கலையேம்மா?"

"வைக்கல சார்."

"மறந்தாப்புல கூட?"

வேறு நாளாக இருந்தால் கத்தியிருப்பேன். "சத்தியமா நான் வைக்கல சார். அதுவா வந்துச்சு."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. எப்போதும் தேவைக்கு மேல் பேசாத மனிதர் பேசினார்.

"நான் இத்தன வருஷமா வெச்சுக்கிட்டே இருந்தேம்மா. ஒண்ணு கூட அதுவா வந்து நான் பாத்ததில்ல. அந்தப் படத்த எனக்கு அனுப்புறீங்களா?"